வால் பிடிக்கக் கூடாது

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகத்தில் கைப்பையைக்கூட வைக்கவில்லை, வட்டாரக் கல்வி அலுவலர் கூப்பிட்டுவிட்டார். பிப்ரவரி மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து மாநில ஆய்வுக் குழு வருகிறதாம். எங்கள் ஒன்றியத்தில் குலுக்கலில் விழுந்தது ஆவாரங்கரை நடுநிலைப் பள்ளி. "ஒரு மாசம் அங்கனயே கெடங்க டீச்சர். ஒங்க கை பட்டா பள்ளிக்கூடம் பளபளன்னு ஆயிரும்லா" என்றார்.

நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களுக்கு வழி சொல்லும் வேலை. "அப்போ நீ டீச்சரா, இல்லையா?" என்று என் மாமியார் வருடக்கணக்காகக் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் பள்ளிகளை ஆய்வுக்குத் தயார் செய்வதில் எனக்கு நல்ல பெயர். எந்தச் சுவரில் எந்தப் படம், எந்தப் பிள்ளை முன்வரிசை, எந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு, எல்லாம் எனக்கு அத்துப்படி. மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்கிறவள் மாதிரிதான் நானும். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று போய்ப் பார்ப்பதில்லை. அது என் வேலையும் இல்லை.

மே மாத இடமாறுதல் கலந்தாய்வில் நான் பள்ளிக்கே திரும்பிவிடுவேன். எங்கள் தெருமுனைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அந்த வகுப்பறையில் கேட்கும். அதுவரை யாரையும் பகைத்துக்கொள்ளாமல் காலத்தை ஓட்டினால் போதும்.

ஜனவரி 21, புதன்

இரண்டு பஸ், பிறகு ஒரு மினிபஸ். கண்டக்டர் "புது டீச்சரா?" என்று கேட்டான். ஆய்வு வேலையாக வந்திருக்கிறேன் என்றதும், "அப்போ சீக்கிரம் போயிருவீங்க" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

தலைமையாசிரியர் தங்கத்துரை சார் ஒல்லியான மனிதர், குரல் மட்டும் தேர்த்திருவிழா ஒலிபெருக்கி. கலர் சோடா வாங்கிக் கொடுத்து வரவேற்றார். அறிவியல் ஆசிரியர் இடம் மூன்று வருடமாகக் காலி. அவரே பாடம் எடுக்கிறார். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஏழாம் வகுப்பைக் கவனித்தேன்.

"நீரின் கொதிநிலை நூறு டிகிரி செல்சி..."

"யஸ்!"

"இரத்தத்தைச் சுத்திகரிக்கும் உறுப்பு சிறு..."

"நீரகம்!"

ஓடு பறந்துவிடும்போல் இருந்தது. ஒரு பிள்ளைகூட வாய் மூடி இருக்கவில்லை. இங்கே எனக்கு என்ன வேலை இருக்கிறது? சுவருக்குச் சுண்ணாம்பு, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், நாலு படம் மாட்டினால் முடிந்தது. நிம்மதியாக மினிபஸ் ஏறினேன்.

ஜனவரி 23, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வழக்கமாக இதில் டீயும் கையெழுத்தும்தான் நடக்கும். இன்று தலைவி மாரிக்கனி டீயைத் தொடவே இல்லை.

அவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் அட்டை ஒட்டுகிறவர். மகள் சுபஹர்ஷினி ஏழாம் வகுப்பு. ஜூன் மாதத்திலிருந்து டவுன் தனியார் பள்ளி வேன் ஊருக்குள் வரப்போகிறதாம். ஆறு, ஏழு படிக்கிற பிள்ளைகளின் வீடுகளில் பாதிக்குமேல் வாக்குக் கொடுத்தாயிற்றாம். நான் சுவர்ப் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"படமெல்லாம் இருக்கட்டும் டீச்சர். எம்மவகிட்ட நேத்து ஒரு கேள்வி கேட்டேன், சோறு வயித்துக்குள்ள போயி என்னாகும்னு. பேய்முழி முழிக்கா. ஆய்வு அன்னைக்கு நாங்களும் வந்து சன்னல்ல நிப்போம். புள்ளைக பதில் சொல்லட்டும், இங்கனயே படிக்கட்டும். சொல்லலன்னா வேன்தான்."

கூட்டம் கலைந்தபின் தங்கத்துரை சார் விஷயத்தை உடைத்துச் சொன்னார். பாதிப் பேர் போனால் மேல் மூன்று வகுப்பும் நிற்காது, தொடக்கப் பள்ளி ஆகிவிடும். வேனுக்குப் பணம் கட்ட முடிகிறவர்களுக்குக் கவலை இல்லை. மற்ற வீடுகளில், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், ஐந்தாவதோடு நிற்பார்கள். அடுத்த பள்ளி நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். "மாரிக்கனியே அஞ்சாவதோட நின்னவதான். நாந்தான் டிசி கொடுத்தேன். அப்புறம் அலைஞ்சு திரிஞ்சு இதை நடுநிலைப் பள்ளியா ஆக்கினேன் டீச்சர்" என்றார்.

பாவம்தான். ஆனால் என் பொறுப்பு ஆய்வு மட்டும்.

ஜனவரி 24, சனி

துணி துவைத்தேன், மாவு ஆட்டினேன். ஆவாரங்கரையை நினைக்கவே இல்லை. மாரிக்கனிக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் காலையிலும் மாலையிலும் கொஞ்சம் யோசித்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நேற்றுக் குடியரசு தினத்தில் மைக் வேலை செய்யவில்லையாம். தங்கத்துரை சார் தொண்டையாலேயே முழு உரையையும் ஆற்றியிருக்கிறார். இன்று குரல் சுத்தமாகப் போய்விட்டது, காற்றுதான் வருகிறது. ஏழாம் வகுப்பை நான் எடுத்தேன். சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்து எத்தனை காலம் ஆகிறது! மாரிக்கனியின் கேள்வியையே கேட்டேன். நாம் சாப்பிடும் சோறு எங்கே செரிக்க ஆரம்பிக்கிறது?

மழைக்காலத்துக் கிணற்றடிபோல் ஒரே அமைதி. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் உறுப்பு எது? அதற்கும் அமைதி. போன வாரம் ஓடு பறக்கக் கத்தியவர்கள் இவர்கள்தானா? என்மேல் ஏதோ கோபம் என்றே நினைத்துவிட்டேன்.

அப்போது வாசலில் நின்ற தங்கத்துரை சார் பொறுக்க முடியாமல் காற்றுக் குரலில் "சிறு..." என்றார்.

"நீரகம்!" என்றது வகுப்பு, மொத்தமும் ஒரே குரலில்.

எனக்கு எதுவோ தட்டியது. பிள்ளைகளைப் பார்த்து, முகத்தை ரொம்பப் பொறுப்பாக வைத்துக்கொண்டு, "அப்பளம் பொரிக்கும் உறுப்பு சிறு..." என்றேன்.

"நீரகம்!"

"நம்ம ஊர் மினிபஸ்ஸுக்கு டிரைவர் சிறு..."

"நீரகம்!"

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கேள்வி அவர்கள் காதிலேயே ஏறவில்லை. சார் தலையைக் கொடுக்கிறார், பிள்ளைகள் வாலைப் பிடிக்கிறார்கள். வருடக்கணக்காக இப்படித்தான் பாடம் நடந்திருக்கிறது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. மனிதர் தொண்டை கிழியப் பாடம் எடுத்திருக்கிறார், பிள்ளைகள் தொண்டை கிழியப் பதில் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் பாடம் மட்டும் யார் கையிலும் அகப்படவில்லை.

தங்கத்துரை சார் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, "அப்பளம்" என்று காற்றுக் குரலில் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம்.

ஜனவரி 28, புதன்

சாப்பிடும்போது கதையை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மின்வாரியத்தில் வேலை, எதற்கும் அசராதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

"சாம்பார்ல உப்..." என்றேன் நான்.

"பு சரியா இருக்கு" என்றார். "ஏளா, கல்யாணம் ஆன நாளா ஒன் பேச்சுக்கு வால் நாந்தான் பிடிக்கேன். இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

ஆக, எனக்கும் அந்த வியாதி இருக்கிறது. ஆசிரியர்களுக்கு வழி சொல்லுகிறவள் நான்!

ஜனவரி 29, வியாழன்

புது விதி போட்டாயிற்று. கரும்பலகையின் மேலேயே எழுதிவைத்தோம்: வால் பிடிக்கக் கூடாது.

ஆசிரியர் பாதி வார்த்தையில் நிறுத்தினால் பிள்ளைகள் வாய் திறக்கக் கூடாது. எத்தனையாவது முறை என்று எண்ணிக்கொள்ளலாம், கணக்குக்கு ஆசிரியர் தோப்புக்கரணம் போட வேண்டும். தெரியாமல் வாலைப் பிடித்துவிட்ட பிள்ளை எழுந்து நின்று அந்தப் பதிலை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். முழுக் கேள்வி, முழுப் பதில். ஆசிரியரைத் தோப்புக்கரணம் போட வைக்கலாம் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

தமிழ் எடுக்கும் எஸ்தர் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. "ஆய்வு வாசலுக்கு வந்துட்டு. பேசிக்கிட்டு இருந்த புள்ளைகளையும் ஊமையாக்கிட்டீங்களே" என்று என்னைக் கேட்டுவிட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தங்கத்துரை சாருக்குக் குரல் திரும்பியது, கூடவே வாலும். முதல் பாடவேளையிலேயே பதினொன்று. முட்டிவலிக்காரர், வேண்டாம் என்று நான் தடுத்தேன். விதி விதிதான் என்று காதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் கோரஸாக எண்ணினார்கள்.

ஒன்று கவனித்தேன். அவர் எங்கே சறுக்குவார் என்று பிடிப்பதற்காகவே அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். கேட்டதில் பாதி தெரியாமலே உள்ளே போய்விடுகிறது. இசக்கிராஜா என்று ஒருவன், எந்த ஆய்வு என்றாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற நான் அனுப்பிவைக்கிற வகைப் பிள்ளை, இன்று கையைத் தூக்கி, "சோறு வாயிலயே செரிக்க ஆரம்பிச்சுருச்சுன்னா பின்ன வயிறு எதுக்கு?" என்று கேட்டான்.

பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

மாரிக்கனி வழியில் மறித்தார். வீட்டில் பேச முடியவில்லையாம். "'ஏட்டி, அந்தச் செம்ப...'ன்னு சொல்லிட்டு நிமிந்து பாக்கேன், இவ கல்லுமாதிரி நிக்கா. 'முழுசாச் சொல்லும்மா'ங்கா. முழுசாச் சொன்னப்புறந்தான் செம்ப எடுத்தா" என்றார். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வேன் விஷயம் கேட்டேன். "ஆய்வு முடியட்டும்" என்று போய்விட்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

வட்டாரக் கல்வி அலுவலர் முன்னோட்டம் பார்க்க வந்தார். அவருக்கு வேண்டியது பழைய சத்தம். பிள்ளைகள் யோசித்து ஒவ்வொருவராக எழுந்து பதில் சொன்னதைப் பார்த்து அவருக்கு வேர்த்துவிட்டது. ஒரு பதில் வர இவ்வளவு நேரமானால் குழு என்ன நினைக்கும் என்கிறார். தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"பழையபடி சத்தமா சொல்லச் சொல்லுங்க டீச்சர். ஆய்வு முடிஞ்சப்புறம் என்னத்தையும் செய்யுங்க. மே மாசம் ஒங்களுக்கும் கலந்தாய்வு இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க."

சரி ஐயா என்றேன். அவர் சொல்வதும் சரிதான். நாளைக்கே மாற்றிவிட வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மாற்ற நேரம் கிடைக்கவில்லை. இதய அறைகள் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நாளை மாற்றுகிறேன்.

பிப்ரவரி 11, புதன்

இன்றும் நேரம் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இலைகளைப் பறித்துவந்து வெயிலில் வைத்தும் இருட்டில் வைத்தும் பார்த்தோம். மாற்றுவதையே மறந்துவிட்டேன். என் கணக்கில் தோப்புக்கரணம் இரண்டு. எஸ்தர் டீச்சர் கணக்கில் ஐந்து. "இது என்ன சனியன், வாயிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போட்டார். அவரும் இனி பழையபடி மாற வேண்டாம் என்கிறார். மெஜாரிட்டி அந்தப் பக்கம் இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை எதற்கு ஆவாரங்கரை என்று வீட்டுக்காரர் கேட்டார். கழிப்பறைத் தாழ்ப்பாளைச் சரிபார்க்க என்றேன். "தாழ்ப்பாள் பாக்கப் போறவ எதுக்கு நுண்ணோக்கியத் தூக்கிட்டுப் போற?" என்றார். வெறுங்கையோடு போக வேண்டாமே என்றுதான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளை ஆய்வு. சுண்ணாம்பு அடித்தாயிற்று. யாரையும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தவில்லை. எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில்தான் இருப்பார்கள், உட்காரும் இடமும் மாற்றவில்லை. எந்தக் கேள்வி வந்தாலும் சமாளிப்பார்கள் என்று தைரியமாக இருக்கிறது. எதையோ மறந்துவிட்டேன் என்றும் தோன்றுகிறது. குடிநீர்த் தொட்டி, பதிவேடுகள், முதலுதவிப் பெட்டி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 18, புதன்

மறந்தது என்ன என்று இன்று தெரிந்தது.

குழு பத்தரை மணிக்கு வந்தது. தலைவர் நரைத்த தலை, சாந்தமான முகம். முப்பது வருடம் வகுப்பறையில் இருந்துவிட்டு அதிகாரி ஆனவராம். நல்லது, பிள்ளைகளைப் பயமுறுத்த மாட்டார் என்று நினைத்தேன். நேராக ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தார். சன்னல்கள் எல்லாவற்றிலும் ஊர்ப் பெண்கள். நடு சன்னலில் மாரிக்கனி, தீப்பெட்டி ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நின்றார். நாங்கள் ஆசிரியர்கள் கடைசிச் சுவரோரம். ஆய்வு நடக்கும்போது நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்பது குழுவின் உத்தரவு.

தலைவர் அன்பாகச் சிரித்தார். "பயப்படாதீங்க. லேசான கேள்விதான். தாவரங்கள் தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரிக்கின்றன. இதற்கு ஒளிச்சேர்..."

முப்பது வருடம் வகுப்பறையில் இருந்தவர்! விருந்தாளி தலையைக் கொடுத்தால் என்ன செய்வது என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

வகுப்பு கப்சிப். ஆனால் முகங்களைப் பார்க்க வேண்டுமே. அத்தனை பேர் கண்ணும் மின்னுகிறது. சென்னையிலிருந்து வந்தவரே மாட்டிக்கொண்டார் என்று அவர்களுக்கு ஒரே ஆனந்தம்.

தலைவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஒளிச்சேர்க்..." என்று இன்னும் கொஞ்சம் கொடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. சரி, இன்னும் எளிதாக்குவோம் என்று நினைத்தார்போல. "இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சை..."

பின்வரிசையில் இசக்கிராஜா தன் பக்கத்துப் பையனிடம், ஊருக்கே கேட்கும்படி ரகசியமாக, "மூணு ஆச்சுல" என்றான்.

தலைவரின் சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த தாளில் ஏதோ எழுதப் பேனாவைத் திறந்தார். வட்டாரக் கல்வி அலுவலர் என்னைப் பார்த்த பார்வையில் என் கலந்தாய்வு எரிந்து சாம்பலானது. சன்னலில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரிக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நொடி வேன் வாசலில் வந்து நின்ற மாதிரியே இருந்தது. வாயைத் திறந்து கத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது சுபஹர்ஷினி எழுந்து நின்றாள்.

"ஐயா, நீங்க பாதிதான் கேட்டீங்க. முழுசாக் கேளுங்க ஐயா, முழுசாச் சொல்லுதோம்."

பேனா நின்றது. தலைவர் அவளையே பார்த்தார். கரும்பலகையின் மேல் எழுதியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். மெல்ல வாசித்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தப்பிப் போன ஆளைத் தேடிப் பிடிப்பதுபோல் சொல் சொல்லாகக் கேட்டார்: "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?"

சுபஹர்ஷினி சொன்னாள். புத்தகத்தில் இருக்கிறபடி இல்லை. வெளிச்சம் அடுப்பு, பச்சையம் சமையல்காரர், காற்றும் தண்ணீரும் மளிகைச் சாமான் என்று ஆரம்பித்து, சர்க்கரையும் ஆக்சிஜனும் வரும் இடத்தில் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தலைவர் அடுத்த கேள்வியை அடுத்த பிள்ளையிடம் கேட்டார். அவள் தடுமாறினாள், யோசித்தாள், திருத்திச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று ஒருவன் சொன்னான், அதையும் முழு வாக்கியமாகவே சொன்னான். கடைசியில் இசக்கிராஜா கையைத் தூக்கினான்.

"ஐயா, அப்போ ராத்திரி இலை பட்டினியாக் கெடக்குமா?"

தலைவர் பெஞ்சில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு கேள்விக்கே கால்மணி நேரம் ஆயிற்று. பதிவேடுகளைப் பார்க்க நேரமில்லாமல் குழு திண்டாடியது.

மாலையில் பெற்றோர் கூட்டம். தலைவர் எழுந்து நல்ல வார்த்தைகள் பேசினார். பெண்கள் உணர்ச்சி காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக அவர், "ஆகவே பெற்றோர்களே, உங்கள் பள்ளி நன்றாக முன்னே..." என்று கையை விரித்து நிறுத்தினார்.

கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. எல்லோரும் பிள்ளைகளிடம் அடிபட்டுத் தேறியவர்கள். மாரிக்கனி முதல்வரிசையிலிருந்து அமைதியாகச் சொன்னார்:

"நாலு ஆச்சு ஐயா."

முதலில் சிரித்தது தலைவர்தான். அப்புறம் கூரை தாங்கவில்லை. எல்லார் முன்னிலும் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "முன்னேறியிருக்கிறது அம்மா, முன்னேறியிருக்கிறது" என்று ஒரு தோப்புக்கரணம் போட்டார். மீதி மூன்று அடுத்த ஆய்வுக்கு என்று சொல்லிவிட்டார். தங்கத்துரை சார் வாகை மரத்துக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சளி என்றார். எனக்கும் அதே சளி.

பிப்ரவரி 19, வியாழன்

என் வேலை முடிந்தது. அலுவலகம் போனேன். பள்ளிப் பெஞ்சுக்குப் பழகிய எனக்கு நாற்காலி உயரமாக இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

ஆவாரங்கரைக்குப் போய் வந்தேன். நுண்ணோக்கியை அங்கே மறந்து வைத்துவிட்டேன், எடுக்கத்தான் போனேன். அப்படியே ஒரு பாடம் எடுத்தேன். கிளம்பும்போது நுண்ணோக்கியை மறுபடியும் மறந்துவிட்டேன். மினிபஸ் கண்டக்டர் இப்போது என்னை எதுவும் கேட்பதில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

தங்கத்துரை சார் போன் செய்தார். வேன் முகவர் ஊருக்குள் வந்து முன்பணம் கேட்டாராம். இரண்டு வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். மற்ற வீடுகளில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். மாரிக்கனி வீட்டு வாசலில் முகவர், "அம்மா, எங்க பள்ளிக்கூடம் மாவட்டத்துலயே முதலி..." என்று இழுத்தபோது உள்ளேயிருந்து சுபஹர்ஷினி "ஒண்ணு" என்றாளாம். மேல் மூன்று வகுப்பும் நிற்கும் என்றார் சார். குரல் மறுபடியும் காற்றாக இருந்தது. உரை ஏதும் ஆற்றவில்லை என்றார்.

அவர் பள்ளியில் காலியாகக் கிடக்கும் அறிவியல் ஆசிரியர் இடம் இந்த முறை கலந்தாய்வில் காட்டப்படுமாம். அதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

மே 19, செவ்வாய்

நாளை கலந்தாய்வு. எல்லாவற்றையும் நிதானமாக யோசித்து இங்கே எழுதிவிடுகிறேன்.

தெருமுனைப் பள்ளிக்கு நடந்தே போகலாம். மதியம் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிடலாம். மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கலாம். நல்ல ஆய்வகம் இருக்கிறது. ஆவாரங்கரைக்கு மூன்று வண்டி மாற வேண்டும், வெயில் மண்டையைப் பிளக்கும், கலரைத் தவிரக் குடிக்க எதுவும் கிடைக்காது, ஆய்வகம் என்பது நான் மறந்துவைத்த ஒரு நுண்ணோக்கிதான். யாராக இருந்தாலும் எதை எடுப்பார்கள்? யோசிக்கவே வேண்டியதில்லை. முடிவு செய்துவிட்டேன்.

ராத்திரி இலை பட்டினியாகக் கிடக்குமா என்பதற்குச் சரியான பரிசோதனை ஒன்று இன்று படித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

மே 20, புதன்

கூட்டம் நெரிந்தது. என் முறை வந்து கணினி முன்னால் உட்கார்ந்தேன். வட்டாரக் கல்வி அலுவலர் பக்கத்தில்தான் இருந்தார். ஆய்வறிக்கையில் ஒன்றியத்துக்கு நல்ல பெயர் கிடைத்தபின் ரொம்பப் பிரியமாகிவிட்டார். "டீச்சருக்குத் தெருமுனைப் பள்ளிதான், போட்டுருங்க" என்று அவரே சொன்னார். கணினியில் இருந்த அலுவலர் விதிப்படி மற்றக் காலியிடங்களையும் வாசிக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளித் தள்ளி வாசித்துக்கொண்டு வந்தார். நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஆவாரங்..." என்றபோது திரை நின்றுவிட்டது. அவர் விசையைத் தட்டினார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எத்தனை வாரம் ஒரு வகுப்பையே அதற்குப் பழக்கியவள் நான்.

"கரை" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிடிச்சுட்டா" என்றார்.

தெரியாமல் வாலைப் பிடித்தவர் எழுந்து நின்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பள்ளி விதி. அதனால் எழுந்து நின்றேன்.

"ஆவாரங்கரை நடுநிலைப் பள்ளியில் நான் டீச்சராகச் சேருகிறேன், ஐயா."